உப்பு இறங்கும், நினைவு திரும்புமா?

1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முதலில் சிறுநீரகம் பழுது என்றார்கள். சில நாளிலேயே பக்கவாதமும் தாக்கியது. ஊரெங்கும் மொட்டையும் மண்சோறுமாக வேண்டுதல் நடந்தது. மவுண்ட்–பூந்தமல்லி சாலையை ஒட்டிய ராமாவரம் தோட்டத்து மனிதரை நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் மகள் லீலாவதி கொடுத்த சிறுநீரகத்தோடு 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தார், மீண்டும் பதவியேற்றார். பேச்சு மட்டும் பழையபடி வரவில்லை.

பட்ட காலிலேயே படும் என்று மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். மருத்துவர்களின் கணக்கு வேறு. சிறுநீரகமும் மூளையும் அடுத்தடுத்துக் கெடுவது பல நேரங்களில் தற்செயல் அல்ல. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இரண்டு சிறுநீரகங்கள் வாங்கிக்கொள்கின்றன. ஏழில் ஒரு பங்குபோல மூளைக்குப் போகிறது. இரண்டிலும் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பத்து இருபது ஆண்டுகளாக அந்தக் குழாய்களை அரித்துக்கொண்டே இருந்தால், சிறுநீரகத்தில் நடப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மூளையில் நடப்பது அப்படித் தெரியாது. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, மருந்தை இரண்டு தரம் விழுங்குவது என்று மெதுவாகத்தான் வெளியே வரும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள்.

இந்தியாவில் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் 52,000 பேருக்கு மேல் பதிவான ஒரு பட்டியலில், 31 சதவீதம் பேருக்குக் காரணம் சர்க்கரை நோய். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 14.4 சதவீதம். அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், இருப்பதாக மதிப்பிட்டது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். சர்க்கரைக்காரர்கள் ஒரு வரிசை, மறதிக்காரர்கள் ஒரு வரிசை என்று இவர்கள் தனித்தனியாக நிற்பதில்லை. டயாலிசிஸ் அறையின் வாசலில் இரண்டு வரிசையும் ஒன்றாகிவிடுகிறது.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு டயாலிசிஸ் புதிதல்ல. போரூரில் ராமச்சந்திரா, வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ்., நசரத்பேட்டை பக்கம் பனிமலர், தண்டலத்தில் சவீதா என்று மேற்கே போகப்போக மருத்துவக் கல்லூரிகள். இடையிடையே சின்ன மருத்துவமனைகள். 1961-ல் இந்தியாவின் முதல் ஹீமோடயாலிசிஸ் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தபோது அது ஓர் அதிசயம். இன்று ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஓய்வு பெற்றவரும், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவரும், குமணன்சாவடியில் பூக்கடை வைத்திருக்கும் அம்மாவும் வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் போய்வருகிற வேலை அது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. 1993-ல் தொடங்கிய டேங்கர் அறக்கட்டளை போன்றவை குறைந்த செலவில் செய்துகொடுக்கின்றன. "பணம் இருந்தால் டயாலிசிஸ், இல்லாவிட்டால் விதி" என்ற காலம் மெல்ல விலகிக்கொண்டிருக்கிறது. பெரிய சாதனைதான். ஆனால் பணம் என்ற தடை விலகியதும், அதன் பின்னால் மறைந்திருந்த ஒரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. நினைவு ஏற்கெனவே தவறிக்கொண்டிருக்கும் பெரியவருக்கு டயாலிசிஸ் என்ன தரும்?

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் கணக்குப் பார்த்தார்கள். 1995 ஏப்ரலுக்கும் 1999 டிசம்பருக்கும் இடையில் சிறுநீரகச் செயலிழப்புக்குச் சிகிச்சை தொடங்கிய 2,72,024 பேரின் அரசுக் காப்பீட்டுப் பதிவுகளை எடுத்து, 2001 கடைசிவரை என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். 2006-ல் வெளியான முடிவு இது: டிமென்ஷியா இல்லாதவர்களில் 66 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 24 சதவீதம் பேர்தான். இறந்தவர்களின் சராசரிக் காலத்தை எடுத்தால், முதல் வகையினருக்கு 2.7 ஆண்டு, இரண்டாவது வகையினருக்கு ஓர் ஆண்டுக்குக் கொஞ்சம் மேல். டிமென்ஷியா உள்ளவர்கள் வயதானவர்கள், வேறு நோய்களும் இருக்கும், அதனால்தான் இப்படி என்று சொல்லலாம். ஆய்வாளர்கள் வயதையும் மற்ற நோய்களையும் கழித்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் இறப்பு அபாயம் 87 சதவீதம் கூடுதலாகவே இருந்தது.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் மிரட்டக் கூடாது. அமெரிக்கப் பதிவேட்டில் 'டிமென்ஷியா' என்று எழுதப்பட்டவர்கள், நோய் நன்றாக முற்றி, யார் கண்ணுக்கும் தெரிகிற நிலைக்கு வந்தவர்களாகவே பெரும்பாலும் இருந்திருப்பார்கள். லேசான மறதியோடு பேரனுக்குக் கணக்குச் சொல்லித்தரும் தாத்தாவுக்கு இது பொருந்தாது. தவிர, 24 சதவீதம் என்பது நான்கில் ஒருவர். அந்த ஒருவர் யாருடைய வீட்டுப் பெரியவர் என்று பதிவேடு சொல்லாது. ஒன்றை மட்டும் அது உறுதியாகச் சொல்கிறது. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் நினைவின் நிலையைத் தெரிந்துகொள்வது, இதயத்தை எக்கோ எடுத்துப் பார்ப்பதற்குக் குறைந்த காரியம் அல்ல.

ஆனால் அதைத் தெரிந்துகொள்வது எளிதில்லை. காரணம், சிறுநீரகம் கெட்டாலே புத்தி தடுமாறும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹாலந்தின் காம்பன் என்ற சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் ஒரு செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். சாசேஜ் அடைக்கும் செலோபேன் குழாயை மர உருளையில் சுற்றி, உப்புக் கரைசலில் உருட்டும் கருவி. முதலில் முயன்ற நோயாளிகளில் ஏறக்குறைய எல்லாரும் இறந்தார்கள். 1945 செப்டம்பரில் சோஃபியா ஷாஃப்ஸ்டாட் என்ற 67 வயதுப் பெண்மணியைக் கொண்டுவந்தார்கள். எம்.ஜி.ஆருக்கு 1984-ல் இருந்த அதே வயது. ரத்தத்தில் கழிவு ஏறி அந்தப் பெண்மணி முழு மயக்கத்தில் இருந்தார். நாஜிகளுக்கு உடந்தையாக இருந்தவர் என்று ஊரே வெறுத்த கைதி வேறு. பல மணி நேரம் கருவி உருண்டது. அவர் கண் திறந்தார். முதலில் சொன்னது, புருஷனை விவாகரத்து செய்யப்போவதாக! சொன்னபடி செய்தும் காட்டினார். அதன் பிறகும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். டயாலிசிஸ் காப்பாற்றிய முதல் ஆள் அவர்தான். மங்கிப்போன புத்தியை அது தெளியவைத்ததற்கும் அவரே முதல் சாட்சி.

அதனால் ஒரு பெரியவர் ஆள் தெரியாமல் உளறுகிறார் என்றால் உடனே மறதி நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. நம் ஊரில் 'உப்பு ஏறிடுச்சு' என்று சொல்வோமே, யூரியாவும் கிரியாட்டினினும் கூடிய அந்த நிலையே மூளையை மந்தமாக்கும். டயாலிசிஸ் செய்து சில நாளில் தெளிவு வரும். சோடியம் குறைந்திருக்கலாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் பழுதான சிறுநீரகத்தால் சீக்கிரம் வெளியேறாமல் தங்கி, ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தியிருக்கலாம். பி12, தைராய்டு குறைவு இருக்கலாம். குளியலறையில் விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். மனச்சோர்வு அச்சு அசலாக மறதி மாதிரியே இருக்கும். காது கேட்காதவரையும் 'புத்தி மட்டு' என்று எண்ணிவிடுகிறோம்.

மருந்துகளும் ஒரு காரணம். கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின், தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் பாக்லோஃபென், காய்ச்சலில் சேர்த்தால் ஏற்றும் செஃபிபைம் ஊசி ஆகியவை சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை. அளவைக் குறைக்காமல் கொடுத்தால் ஆள் தள்ளாடி, உளறி, சில நேரம் வலிப்புவரை போகும். தெருமுனை மருந்துக்கடையில் வாங்கிய நரம்பு மாத்திரை ஒருவரை 'பைத்தியம்' ஆக்கிவிடும். நிறுத்தினால் பழைய மனிதர் திரும்பி வந்துவிடுவார். இன்னொன்று, ஸ்டார் ஃப்ரூட். மற்றவர்களுக்கு அது வெறும் புளிப்புப் பழம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அதிலுள்ள நஞ்சு விக்கலில் தொடங்கி மயக்கம்வரை கொண்டுபோகும், உயிரையும் எடுத்திருக்கிறது.

இவ்வளவையும் சலித்த பிறகும் மிஞ்சுவதுதான் டிமென்ஷியா. சலிக்காமலே விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் பகுதியில் டயாலிசிஸில் இருந்த 55 வயதுக்கு மேற்பட்ட 338 பேரை உட்காரவைத்து முறையாகச் சோதித்தார்கள். நினைவும் சிந்தனையும் இயல்பாக இருந்தவர்கள் 13 சதவீதத்துக்கும் குறைவு. 37 சதவீதம் பேருக்குக் கடுமையான குறைபாடு. இவர்களின் மருத்துவக் குறிப்பேட்டில் இதைப் பற்றி ஏதாவது எழுதப்பட்டிருந்தது எத்தனை பேருக்கு? மூன்று சதவீதம்கூட இல்லை. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் மருத்துவப் பணியாளர்களின் கண் முன்னாலேயே படுத்திருப்பவர்கள்! ரத்த அழுத்தம் எழுதுகிறார்கள், எடை எழுதுகிறார்கள், 'ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?' என்று யாரும் கேட்பதில்லை.

அந்த நான்கு மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஆவடியில் ஓய்வு பெற்ற 74 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மறதி நடுத்தர நிலையில் இருக்கிறது. காலை ஆறு மணி ஷிஃப்ட். ஐந்து மணிக்கு ஆட்டோ. வந்ததும் எடை பார்க்கிறார்கள். போன தடவையைவிட மூன்று கிலோ கூடுதல். "யாரு தண்ணி கொடுத்தா?" என்று டெக்னீஷியன் கேட்க, மனைவி விழிக்கிறார். நாளுக்கு ஒரு லிட்டருக்குள் குடிக்க வேண்டும் என்பது பெரியவருக்கு நினைவில் இல்லை. குடித்ததும் நினைவில் இல்லை, அதனால் திரும்பவும் குடிக்கிறார். இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தையே நிறுத்திவிடும் என்பது போன மாதம்வரை அவருக்கே தெரிந்த விஷயம்.

இடது கையில், ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துவைத்த ஃபிஸ்டுலா. இரண்டு தடித்த ஊசிகள். ஒன்றின் வழியே நிமிடத்துக்கு 250 முதல் 300 மில்லி ரத்தம் வெளியே போகிறது, இன்னொன்றில் திரும்பி வருகிறது. உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் ரத்தம்தான். நான்கு மணி நேரத்தில் 60, 70 லிட்டர் மெஷினைச் சுற்றி வந்துவிடும். கையை அசைக்கக் கூடாது. அரை மணி நேரம் சும்மா இருக்கிறார். பிறகு, கையில் என்னவோ குத்தியிருக்கிறது என்று பிடுங்கப் பார்க்கிறார். "என்னங்க, கையை ஆட்டாதீங்க" என்று மனைவி பிடித்துக்கொள்கிறார். "வீட்டுக்குப் போலாம், டூட்டிக்கு நேரமாச்சு." ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதே வார்த்தை. ஊசி கழன்றால் நிமிடத்துக்குக் கால் லிட்டர் ரத்தம் தரையில் போகும். சில இடங்களில் துணியால் கையைக் கட்டிலோடு கட்டுகிறார்கள். எதற்காகக் கட்டுகிறார்கள் என்று புரிகிறவருக்கே அது கொடுமை. புரியாதவருக்கு, முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்போட்டுக் குத்துகிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிகிறது. கொட்டாவி, வியர்வை, காலில் பிடிப்பு. அந்தச் சரிவு மூளையையும் விடுவதில்லை. 65 வயதைத் தாண்டிய 12 டயாலிசிஸ் நோயாளிகளை நெதர்லாந்தில் ஸ்கேன் செய்து பார்த்தபோது, ஒரே அமர்வில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் சராசரியாக 10 சதவீதம் குறைந்திருந்தது. 12 பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் ஆண்டுக்கு நூறு, நூற்றைம்பது தடவை இப்படிக் குறைந்தால், ஏற்கெனவே பழுதான மூளைக்கு அது நல்லதாக இருக்க முடியாது. நல்ல நினைவோடு தொடங்கியவர்களுக்கும் இந்த அபாயம் உண்டு. 66 வயதுக்கு மேல் டயாலிசிஸ் தொடங்கிய மூன்றரை லட்சம் அமெரிக்கர்களின் பதிவுகளில், ஐந்து ஆண்டுக்குள் பெண்களில் 16 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 13 சதவீதம் பேருக்கும் டிமென்ஷியா கண்டறியப்பட்டிருந்தது.

டயாலிசிஸின்போது நேரும் அந்தச் சரிவுக்கு ஓர் எளிய கைமருந்துபோல் ஒன்று உண்டு. டயாலிசிஸ் கரைசலின் வெப்பத்தை 37 டிகிரிக்குப் பதிலாக நோயாளியின் உடல் வெப்பத்தைவிட அரை டிகிரி குறைத்து வைப்பது. இங்கிலாந்தில் 73 பேரை இரண்டாகப் பிரித்து ஓர் ஆண்டு பார்த்தார்கள். குளிர்ந்த கரைசலில் இருந்தவர்களின் மூளை வெண்பொருள் காப்பாற்றப்பட்டிருந்தது, மற்றவர்களுக்குச் சேதம் தெரிந்தது. 2015-ல் வந்த முடிவு. மெஷினில் ஒரு பொத்தானைத் திருப்புகிற வேலை, செலவே இல்லை. கொஞ்சம் குளிரும், போர்வை வேண்டும். இதனால் நினைவுக்கும் பயன் உண்டா என்று பெரிய எண்ணிக்கையில் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டயாலிசிஸே நேரடியாகப் புத்தியை அழித்த ஒரு காலமும் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டென்வரில் ஆலன் ஆல்ஃப்ரே என்ற மருத்துவர், நன்றாக இருந்த நோயாளிகள் திடீரென்று திக்கித்திக்கிப் பேசி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்து, வலிப்பு வந்து, சில மாதங்களில் இறப்பதைப் பார்த்தார். 1976-ல் குற்றவாளியைப் பிடித்துக் காட்டினார்: அலுமினியம். குடிநீரைத் தெளியவைக்கப் படிகாரம் போடுவது உலக வழக்கம். அதில் அலுமினியம் இருக்கிறது. குடித்தால் குடல் அதை ஏறக்குறைய முழுக்க வெளியே தள்ளிவிடும். டயாலிசிஸிலோ ஒரு தடவைக்கு 120 லிட்டர் நீர், மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அப்பால், நேராக ரத்தத்தின் பக்கத்தில் ஓடுகிறது. அன்று கொடுத்த அலுமினிய மாத்திரைகளும் கைகோத்துக்கொண்டன. ஆர்.ஓ. சுத்திகரிப்பு கட்டாயமானதும் அந்த நோய் ஏறக்குறைய ஒழிந்தது. பூந்தமல்லியில் இன்று ஒரு தெருவுக்குச் செம்பரம்பாக்கம் தண்ணீர், அடுத்த தெருவுக்குப் போர்த் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். டயாலிசிஸ் மையத்தின் பின்பக்கம் இரைந்துகொண்டிருக்கும் ஆர்.ஓ. பிளாண்ட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த அறையில் படுத்திருப்பவர்களின் மூளைக்கு அதுதான் காவல்.

வயதானால் டயாலிசிஸ் வேண்டாம் என்று இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணையே எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி நிலையில் சிறைவைக்கப்பட்டு, 1975 நவம்பரில் சிறுநீரகம் செயலிழந்த நிலையில் வெளியே வந்தபோது அவருக்கு வயது 73. பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் டயாலிசிஸ் தொடங்கியது. அதே டயாலிசிஸோடுதான் 1977 தேர்தலில் எதிர்க்கட்சிகளை ஒன்றாக நிறுத்தினார், இந்திரா காந்தியின் ஆட்சி போனது. 1979 அக்டோபர்வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டு வாழ்ந்தார். சிறுநீரகம் முழுக்கப் போயும் புத்தி முழுக்க இருந்தது. அவரைப் பார்த்துக்கொண்ட சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி பிறகு சென்னைக்கு வந்தார். டயாலிசிஸ் மெஷின்களை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் இந்தியாவுக்கு விடிவு இல்லை என்று வாதாடியவர். பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமங்களில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சுமார் 25,000 பேரிடையே வீடு வீடாகச் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் சோதிக்கவைத்து, மிக மலிவான பழைய மாத்திரைகளாலேயே சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்திக் காட்டினார். சிறுநீரகத்தைக் காக்கும் அந்த மாத்திரைகள் மூளையின் ரத்தக் குழாய்களையும் சேர்த்தே காக்கும்.

மறுபக்கத்தில், அமெரிக்க முதியோர் இல்லங்களில் 1998-க்கும் 2000-க்கும் இடையில் டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரின் கதை இருக்கிறது. ஓராண்டுக்குள் 58 சதவீதம் பேர் இறந்தார்கள். டயாலிசிஸுக்கு முன்னால் குளிப்பது, உண்பது, நடப்பது எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் ஓராண்டு கழித்தும் இருந்தவர்கள் வெறும் 13 சதவீதம். டயாலிசிஸ் அவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. எழுந்து நடக்கவைக்கவில்லை.

அப்படியானால் செய்யாமல் விட்டுவிடுவதா? டயாலிசிஸ் இல்லாத சிகிச்சை என்று ஒன்று இருப்பதே நம் ஊரில் பலருக்குச் சொல்லப்படுவதில்லை. மூச்சுத்திணறலுக்கு மருந்து, அரிப்புக்கு மருந்து, குமட்டலுக்கு மருந்து, ரத்தசோகைக்கு ஊசி, வலிக்குச் சிறுநீரகத்துக்கு ஏற்ற மருந்து, உணவில் தளர்வு, வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர். கைவிடுவது வேறு, இது வேறு. பிரிட்டனில் 75 வயதைத் தாண்டிய சிறுநீரகச் செயலிழப்பு நோயாளிகளிடம் 2007-ல் செய்த ஆய்வில், டயாலிசிஸால் ஆயுள் கூடுகிறது என்பது பொதுவாக உண்மையாக இருந்தது. ஆனால் இதய நோயும் வேறு பல நோய்களும் சேர்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆயுள் ஏறக்குறைய கரைந்துபோனது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சிகிச்சை இருக்கிறது. வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்யும் சி.ஏ.பி.டி. டயாலிசிஸ் பைகளும் அதில் கிடைக்கின்றன. சி.ஏ.பி.டி.யில் ஊசி இல்லை, ஆட்டோ இல்லை, புது முகங்கள் இல்லை. மறதி உள்ளவருக்குத் தன் வீட்டுக் கட்டிலே போதும். ஆனால் நாளுக்கு மூன்று நான்கு தடவை சுத்தமான கையோடு பையை மாற்ற ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள், அவரிடம்தான் கடைசியாகக் கேட்கிறார்கள்.

அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர்களின் 2010 வழிகாட்டி நெறி இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. முற்றிய டிமென்ஷியாவால் ஒத்துழைக்கவே முடியாதவருக்கு டயாலிசிஸ் தொடங்காமல் இருப்பதும் சரியான மருத்துவமே. முடிவு தெரியாத நிலையில், காலக்கெடுவோடு தொடங்கிப் பார்க்கலாம். இந்த இரண்டாவது யோசனை நம் குடும்பங்களுக்கு நன்றாகப் பொருந்தும். "ரெண்டு மாசம் பார்க்கலாம்மா. உப்பு இறங்கினதும் புத்தி தெளியுதான்னு பார்ப்போம். சாப்பிடுறாரா, உங்களை அடையாளம் தெரியுதா, ஊசி போடும்போது பயப்படுறாரான்னு நீங்க எழுதி வையுங்க. அப்புறம் உட்கார்ந்து பேசலாம்" என்று ஒரு மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டால், பின்னால் நிறுத்துவது கொலை மாதிரித் தோன்றாது. சொல்லாமல் தொடங்கினால் யாருக்கும் நிறுத்தத் துணிவு வராது. அமெரிக்காவில் இருக்கும் மகன் வீடியோவில் வந்து "எவ்வளவு செலவானாலும் பண்ணுங்க" என்பார், பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளும் மகள் வாய் திறக்க மாட்டார். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இருவருக்கும்.

பெரியவரின் விருப்பம் என்ன என்று யாருக்கும் தெரியாததுதான் இந்தச் சிக்கலின் வேர். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மீளமுடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பதை ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கினால் போதும். எழுதுகிறவருக்குத் தெளிந்த புத்தி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டிமென்ஷியா முற்றிய பிறகு அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இல்லை.

ஆகவே இதைப் பேச வேண்டிய நாள், கழுத்தில் குழாய் போட அவசரமாக ஒப்புதல் கேட்கும் நள்ளிரவு அல்ல. கிரியாட்டினின் மூன்று, நான்கு என்று ஏறத் தொடங்கி, டயாலிசிஸுக்கு இன்னும் மாதங்களோ ஆண்டுகளோ இருக்கும்போதே, புறநோயாளிப் பிரிவில் பேச வேண்டும். கடிகாரம் வரையச் சொல்லி, ஐந்து சொற்களைச் சொல்லித் திரும்பக் கேட்கும் நினைவுச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும், தமிழிலேயே செய்யலாம். அந்தப் பத்து நிமிடம் அறைக்குள் பெரியவரும் இருக்க வேண்டும், அவரைத் தினமும் பார்த்துக்கொள்கிறவரும் இருக்க வேண்டும். கேள்வியை முதலில் பெரியவரிடமே கேட்க வேண்டும்.